சட்டைப் பையில் இருந்த மாத்திரை

எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. பத்தாவதோடு படிப்பு நின்றது. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கக் கூசுகிற ஆள் நான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன வருஷம் சம்பா நடவு சமயத்தில் அது தொடங்கியது. உரமூட்டையோடு ஆற்றங்கரை மேட்டில் ஏறினால், நெஞ்சுக்கு நடுவில் யாரோ முழங்காலை ஊன்றி அழுத்துவதுபோல் இருக்கும். இடது தோளும் தாடையும் கனக்கும். நின்றால் விட்டுவிடும். அப்படி நிற்கும்போது ஆள் வந்தால், வாய்க்காலில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்ப்பதுபோல் குனிந்துகொள்வேன். எங்கள் பக்கத்தில் தண்ணீர் பார்த்து நிற்பவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

வீட்டில் வாயு என்றார்கள். ஓமத் தண்ணீர், பூண்டுப் பால், இஞ்சிச் சாறு. என் ஏப்பத்தின் நாற்றம் எனக்கே குமட்டியது.

கடைசியில் தஞ்சாவூரில் ஒரு டாக்டரிடம் போனேன். நடந்தால் வருகிறதா, நின்றால் போகிறதா என்றுதான் முதலில் கேட்டார். ஈசிஜியில் ஒன்றும் தெரியவில்லை. டிரெட்மில்லில் நடக்கவிட்டு, பாதியிலேயே நிறுத்தச் சொன்னார். இருதயத்துக்கு ரத்தம் போகிற குழாய் அடைத்திருக்கிறது, உழைக்கும்போது ரத்தம் போதவில்லை என்றார். தினமும் விழுங்கச் சில மாத்திரைகள் கொடுத்தார். வலி வந்தால் உட்கார்ந்து நாக்குக்கு அடியில் வைக்க ஒன்று தனியாகக் கொடுத்தார். அதற்கும் அடங்காவிட்டாலோ, சும்மா இருக்கும்போதே வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். பாரம் தூக்கவே கூடாது. யாரிடமும் சொல்லாமல் நாக்கு மாத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

தை மாதம் பெரியப்பா இறந்துபோனார். பாடைக்கு முன்தோள் கொடுக்கவேண்டிய பங்காளி நான். முடியாது என்று சொல்ல நா எழவில்லை. தூக்குகிறவர்கள் சட்டை போடக்கூடாது. எல்லோரையும்போல நானும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தோள் கொடுத்தேன்.

கரை மேட்டில் வலி வந்தது. கை பையைத் தேடி வெறும் நெஞ்சில் பட்டபோதுதான் சட்டை ஞாபகம் வந்தது. கால் தடுமாறிப் பாடை சாய்ந்தது. இன்னொருவர் தோளை மாற்றிக்கொள்ள, நான் கரையிலேயே உட்கார்ந்தேன்.

கூட வந்த என் மனைவியின் அண்ணன், வாய் நிறைய வெற்றிலை புகையிலையோடு ஓடிவந்தார்.

"என்ன மாப்ள, எலும்பும் தோலுமா போன மனுசன், அவரத் தூக்கவா இப்புடி வேர்க்குது?"

நெஞ்சு வலிக்கிறது என்றேன். வாயுதான் என்று முடிவுகட்டி, பெட்டிக்கடையில் சோடா வாங்கிவந்து மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தார். பாட்டில் வாயில் வெற்றிலைச் சாறு சிவப்பாக வழிந்தது. அதை அப்படியே என் உதட்டில் வைத்து அழுத்தினார். இன்னொருவர் முதுகில் அறைந்தார். எல்லோரும் சுற்றி நின்று என் வாயையே பார்த்தார்கள். ஏப்பம் வந்தது. சோடாவும் புகையிலையும் கலந்து தொண்டைவரை ஏறிய அந்த நாற்றத்தை இன்றும் மறக்க முடியவில்லை. உட்கார்ந்திருந்ததால் வலியும் அந்த நேரம் பார்த்து அடங்கியது.

"பாத்தீங்களா, போயிடுச்சு. எந்திரிச்சுத் தோளக் குடுங்க" என்றார். சொல்லும்போது என் பாதத்தில் எச்சில் தெறித்தது.

"தூக்க மாட்டேன் மச்சான். இது வாயு இல்ல, ஹார்ட்டு. மாத்திர சட்டைல கெடக்கு. யாராச்சும் போயி எடுத்துட்டு வாங்க."

அத்தனை பேர் முன் நான் பேசியது அதுதான் முதல் தடவை. சுடுகாட்டுக்குக் கிளம்பியவர்கள் பாதியில் சாவு வீட்டுக்குத் திரும்பக்கூடாது என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். மச்சான் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பாடைக்குப் பின்னால் நடந்தார். அந்த முதுகுகளைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. நானே திரும்பினேன், நின்று நின்று. வழியில் எதிரே வந்தவர்களுக்காக வாய்க்காலைப் பார்க்கவில்லை.

மறுநாள் சுடுகாட்டுக்குப் பால் தெளிக்கப் போனேன். சட்டை போடவில்லை. மாத்திரையைச் சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு அரைஞாண் கயிற்றில் முடிந்திருந்தேன்.