எழுத்துக் கூட்டி வாசித்த சொல்

டெல்லியில், கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தேன். அந்த வருடம்தான் அம்மா இறந்துபோனாள். இரண்டு நாள் ரயிலில் சொந்த ஊரான நாசரேத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை. திரும்பி வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நடக்கும் தமிழ் ஆராதனையில்தான் நாலு வார்த்தை தமிழ் பேசுவேன். அங்கே வேதாகமத்திலிருந்து அன்றைய பாடத்தை வாசிப்பது நான்தான். தடுமாறாமல் வாசிப்பேன் என்று கர்வமும் உண்டு.

ஒரு ஞாயிறு ஷீலாவை வாசிக்கச் சொல்லிவிட்டார்கள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்து, வங்கியில் வேலை பார்க்கிற பெண். "தேற்... தேற்ற..." என்று திணறினாள்.

"தேற்றரவாளன்" என்று இருந்த இடத்திலிருந்தே சத்தமாகச் சொன்னேன். யாரோ சிரித்தார்கள். அவள் முகம் சுருங்கிவிட்டது.

ஆராதனை முடிந்ததும் அவளே என்னிடம் வந்தாள்.

"ஆன்ட்டி, அந்த வார்த்தைக்கு என்ன மீனிங்?"

"பரிசுத்த ஆவியானவர்."

"அது தெரியும். வார்த்தைக்கு?"

நாற்பது வருடமாக வாசிக்கிற சொல்லுக்கு அப்போதுதான் அர்த்தம் யோசித்தேன். "தேத்துறவர். சாவு வீட்ல அழுறவங்களைத் தேத்துவாங்கள்லா, அப்படி."

"அச்சா. அப்போ அழுது முடிக்கிற வரைக்கும் கூடவே உக்காந்திருப்பாரா?"

"இருப்பாரு" என்றேன்.

வீட்டுக்கு வந்து வேதாகமத்தைத் திறந்தேன். அவளைப் போலவே அந்தச் சொல்லை எழுத்துக் கூட்டி வாசித்தேன். அப்போதுதான் கைக்கு வந்த புத்தகம் போலிருந்தது. அம்மாவுக்காக அன்றுதான் அழுதேன். கூட யாரோ உட்கார்ந்திருக்கிற தைரியத்தில், அவசரமில்லாமல் அழுதேன்.