சோதனை முகவரி

அந்த அக்காவுக்குத் திக்குவாய். முதல் நாளே அதை அவரே என்னிடம் சொல்லிவிட்டார். சொல்லி முடிக்கத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது. டுரியான் துங்காலிலிருந்து பாச்சாங்கில், கடைகளுக்கு இணையத்தில் அகப்பக்கம் செய்து கொடுக்கும் என் ஒற்றை அறை ஆபிசுக்குக் காரில் வந்திருந்தார். முன் சீட்டில் ஒரு கேக் பெட்டியை வைத்து அதற்கும் பெல்ட் போட்டிருந்தார்.

"தங்கச்சி, போ... போன் நம்பர் போட வேணாம். எழுதிக் கேக்குற மாதிரி செஞ்சு குடுங்க."

கம்பெனியில் ஆள் குறைப்பு செய்து அனுப்பிவிட்டதால், வீட்டிலேயே முட்டை போடாத கேக் செய்யக் கற்றுக்கொண்டவர் அவர். போனில் யாராவது கூப்பிட்டால் இவருக்கு முதல் சொல்லே வராது. அவர்கள் "ஹலோ, ஹலோ, லைன் சரியில்லலா" என்று வைத்துவிடுவார்கள். வாட்ஸ்அப் எண்ணையாவது போடலாமே என்று கேட்டேன். "அதுலயும் கூ... கூப்புடுறாங்க" என்றார். உண்மைதான், நானே அப்படித்தான் செய்வேன். வாய் பேசாமல் வியாபாரம் பண்ண ஒரு வழி வேண்டும், அவர் கேட்டது அவ்வளவுதான். பெட்டியைத் திறந்து ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். நான் மூன்று துண்டு தின்றேன்.

அவருக்காகச் செய்த அகப்பக்கத்தில் ஆர்டர் படிவம்தான் எனக்குப் பெருமை. பெயர், தேதி, என்ன கேக், மேலே என்ன எழுத வேண்டும், எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம். பொத்தானை அழுத்தினால், "உங்கள் ஆர்டர் வந்து சேர்ந்தது, ஒரு நாளில் பதில் எழுதுகிறோம்" என்று மூன்று மொழியில் வரும்.

எங்கள் தொழிலில் படிவத்தை முதலில் சோதித்துப் பார்ப்போம். கண்டதையும் அனுப்பி வாடிக்கையாளரைக் குழப்பக்கூடாது என்று, அதற்கென்றே நான் தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்திருக்கிறேன்; சோதிக்கும்போது ஆர்டர்கள் அதற்கே வரும். சோதனை முடிந்ததும் அந்த முகவரியை எடுத்துவிட்டு வாடிக்கையாளரின் முகவரியைப் போட வேண்டும். ஒரு வரி வேலை. அன்றைக்கென்று பெம்பானில் ஒரு சாப்பாட்டுக் கடையின் அகப்பக்கம் படுத்துவிட்டது. கடைக்காரர் போனில் கத்த, நான் திருப்பிக் கத்த, அந்தச் சூட்டோடு சூடாக அக்காவின் அகப்பக்கத்தையும் எல்லாரும் பார்க்கத் திறந்துவிட்டேன். அந்த ஒரு வரியை மாற்றவில்லை. மாற்றவில்லை என்பதும் எனக்குத் தெரியாது.

ஒரு மாதம் கழித்து அக்கா செய்தி அனுப்பினார். "தங்கச்சி, யாரும் எழுதலயே."

"கூகுள்ல மேல வர டைம் எடுக்கும்லா அக்கா. பொறுமையா இருங்க."

அடுத்த முறை கேட்டபோது படங்கள் சரியில்லை என்றேன். பாவம், எல்லாவற்றையும் புதிதாக எடுத்து அனுப்பினார். மூன்றாவது முறை எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. பக்கத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும் அல்லவா, அந்தத் திமிர்.

"அக்கா, ஆளுங்க வராங்க. பாத்துட்டுப் போயிடறாங்க. அதுக்கு நான் என்னா பண்றது? உங்க கேக் டிசைன் கொஞ்சம் பழசு. இப்ப உள்ள பிள்ளைங்களுக்குப் புடிக்கலபோல."

"சரிம்மா" என்று மட்டும் பதில் வந்தது. இரண்டு மாதம் போனபின், "அகப்பக்கத்த மூடிடுங்க தங்கச்சி" என்று எழுதினார். மூடினேன். தொல்லை விட்டது என்றுகூட நினைத்தேன். நினைத்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிறகு ஒரு பல் மருத்துவரின் படிவத்தைச் சோதிப்பதற்காக, பல மாதம் தொடாத அந்த மின்னஞ்சலைத் திறந்தேன். அக்காவின் கடைப் பெயர் வரிசையாகக் கீழே இறங்கிக்கொண்டே போனது. நான் அனுப்பிப் பார்த்தவைதான் என்று நினைத்து ஒன்றைத் திறந்தேன். பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிற பெண் ஒருத்தி, அறைத்தோழியின் பிறந்தநாளுக்குக் கேட்டிருந்தாள். இன்னொருவர், கோயிலில் சாப்பிட்ட அதே கேக் வேண்டும் என்று எழுதியிருந்தார். ஒருவர் மூன்று முறை எழுதியிருந்தார். மூன்றாவதில், "பரவாயில்லை, வேறு இடத்தில் வாங்கிவிட்டோம். அம்மா உங்கள் கேக்தான் வேண்டும் என்று ஆசைப்பட்டார்" என்று இருந்தது.

ஐயோ! எல்லாம் நிஜ ஆர்டர்கள், அந்த ஒரு வரியை நான் மாற்றவே இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றும் தோன்றியது. கை அந்தப் பொத்தான்வரைக்கும் போனது. என்னை நானே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு கார் சாவியை எடுத்தேன்.

அவர் வீட்டுக்குப் போனபோது அக்கா அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். மறுபடியும் ஏதோ கம்பெனிதான், சீருடையைக்கூட மாற்றவில்லை. நான் வாசலில் நின்றே எல்லாவற்றையும் கொட்டினேன். கைப்பேசியை அவர் கையில் கொடுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தார். சிலவற்றை இரண்டு முறை படித்தார். எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

"திட்டுங்க அக்கா. நாலு அறை வேணும்னாலும் விடுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். சொல் வராமல் உதடு தவித்தது. யார் பேசினாலும் நடுவில் புகுந்து முடித்துவைப்பவள் நான், அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"அ... அப்போ, என் கேக்கு புடிக்காமப் போகலயா?"

"இல்லக்கா. எல்லாருக்கும் புடிச்சிருக்கு."

அவர் முகத்தில் சட்டென்று ஒரு சந்தோஷம் வந்தது. அதைப் பார்க்க முடியாமல் நான் படபடவென்று பேசினேன். நாளைக்கே திறந்துவிடலாம், இவர்கள் எல்லாருக்கும் நானே எழுதுகிறேன், அடுத்த வாரமே ஆர்டர் வரும் என்றேன்.

அக்கா சமையலறைப் பக்கம் திரும்பினார். நானும் பார்த்தேன். மேசைமேல் துணி மடித்து வைத்திருந்தது, வேறு ஒன்றும் இல்லை.

"ஓ... ஓவன வித்துட்டேனே தங்கச்சி" என்று சொல்லி, அப்புறம்தான் அழுதார்.