அம்மை போட்ட சுவர்

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு பழைய மண்டபம் இருக்கிறது. தூண்கள் கல். பின்சுவர் மட்டும் செங்கல்லும் சுண்ணாம்பும். பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கக் கற்றுத்தரும் முகாம் அங்கேதான் நடந்தது. வந்தவர்கள் எல்லாம் கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள். நானோ பத்தாவதில் கணக்கோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்து ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஊர்க்காரர்களும் சேரலாம், மதியச் சாப்பாடு உண்டு என்றார்கள். சாப்பாடு எனக்குப் போதுமான காரணம்.

ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் சுவரில் ஒரு கட்டம் கொடுத்தார்கள். எனக்கு ஜோடியாக வந்தவள் கோயம்புத்தூர்ப் பெண். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை ஊற்றிச் சுண்ணாம்பு அரைத்தபோது, இதைச் சுவரில் பூசவா, விருந்துக்கு வந்த மாப்பிள்ளைக்குக் கொடுக்கவா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. கரண்டியில் கொஞ்சம் எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

"நீங்க மொதல்ல சாப்பிட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்."

அதற்கப்புறம்தான் நான் ஒழுங்காக வேலை செய்ய ஆரம்பித்தேன்.

சுண்ணாம்பு பட்டு விரலெல்லாம் எரியும். மாலையில் இரண்டு பேரும் ஒரே பாட்டிலிலிருந்து தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வோம். அவளுடைய "ஏனுங்"கை நான் இழுத்துக் காட்டுவேன். என்னுடைய "இன்னாங்க"வை அவள் திருப்பித் தருவாள். இப்போது அந்த ஏனுங் என் வாயில் தானாக வருகிறது. ஆட்டோவில் ஏறுகிறவர்கள், உனக்குக் கோயம்புத்தூரா என்கிறார்கள்.

பௌர்ணமிக்கு முன்பே முகாம் முடிந்தது. புதுப் பூச்சு வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெடித்துவிடும். அதனால் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, அது காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையை என்னிடம் விட்டுவிட்டு பஸ் ஏறும்போது அவள் சொன்னாள்:

"வெடிச்சா ஃபோன் பண்ணுங். நானே வந்து மறுபடி பூசித் தர்றேன்."

பஸ் போன பிறகும் அந்த ஒரு வார்த்தை என்னை விட்டுப் போகவில்லை. வெடித்தால் வருவாள். அதற்கு நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். தண்ணீர் ஊற்றாமல் இருந்தால் போதும். பௌர்ணமியன்று காலையில் பக்கெட்டை மண்டபத்திலேயே வைத்துவிட்டு ஆட்டோ ஓட்டப் போய்விட்டேன்.

சாயங்காலம் எட்டிப் பார்த்தால், சுவருக்கு நடுவில் இருக்கும் எங்கள் கட்டத்துக்கு முன்னால் கூட்டம். சாக்கு மூடியிருக்கிறது, உள்ளே சாமிதான் இருக்க வேண்டும் என்று யாரோ பூ வைத்திருக்கிறார்கள். ஓர் அம்மா சாக்குக்கு அடியில் சூடத்தை வைத்துத் தீப்பெட்டியை உரசப் போனார். பற்றினால் சாக்கு எரியும், பூச்சு பாளம் பாளமாக வெடிக்கும். நான் கேட்டதெல்லாம் கைக்குள் வந்துவிட்டது. ஆனால் என் வாய் என்னைக் கேட்டு எப்போது பேசியது?

"சூடம் ஏத்தாதம்மா. சாமிக்கே அம்மை போட்டிருக்கு. சூடு ஆவாது."

சாமிக்கு எப்படி அம்மை வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த அம்மா தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு, கையிலிருந்த பாட்டில் தண்ணீரைச் சாக்கில் ஊற்றினார். பின்னால் வந்தவர்களும் ஊற்றினார்கள். யாரோ வேப்பிலை கொண்டுவந்து கட்டினார்கள். அப்புறம் ஊர்ப் பெண்கள் காலையிலும் மாலையிலும் குடத்தோடு வந்தார்கள். நான் மெனக்கெட்டிருந்தால்கூட அவ்வளவு ஒழுங்காக நனைத்திருக்க மாட்டேன்.

சாக்கை எடுத்த அன்று மற்ற கட்டங்களிலெல்லாம் மெல்லிசாகக் கீறல். எங்களுடையது முட்டை ஓடு மாதிரி இருந்தது. நகத்தால் தடவித் தடவித் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. ஃபோட்டோ அனுப்பினேன். "சூப்பருங். அப்ப நான் வர வேண்டியதில்ல" என்று பதில் வந்தது, ஒரு சிரிக்கிற பொம்மையோடு.

போன வாரம் சவாரி இல்லாத நேரத்தில் மண்டபத்தில் இறங்கி, வழக்கம்போலச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தேன். சாக்கை நனைக்கக் குடத்தோடு வந்தவர்களில் ஒரு பெரியம்மா பின்னால் வந்து நின்றார்.

"சாமிக்கு இப்போ எப்படிடா இருக்குது?"

"நல்லாயிடுச்சு பெரிம்மா. ஒரு தழும்புகூட இல்ல."

"அதுக்கு ஏண்டா மூஞ்சிய இப்படி வெச்சினு இருக்கிற?"

சவாரி வந்துவிட்டது என்று சொல்லி ஆட்டோவை எடுத்தேன். வண்டியில் ஒருவரும் இல்லை.