எட்டு மீட்டர் தார்

கமலநாதன் எந்தச் சாலையில் கால் வைத்தாலும் வலது குதிகாலால் ஒருமுறை தட்டிப் பார்ப்பார். கோவில் வாசலானாலும் சரி, கல்யாண மண்டபத்தில் கார் நிறுத்தும் இடமானாலும் சரி. இருபத்திரண்டு வருடப் பழக்கம். "என்னாண்ணே, கதவா தட்டுறீங்க? யாரு வந்து தொறப்பா?" என்று கூட்டாளிகள் கிண்டலடிப்பார்கள். அவர் கண்டுகொள்வதில்லை.

உலு திராமில் தார்ச்சாலை போடும் குழுவுக்கு அவர்தான் மண்டோர், அதாவது மேஸ்திரி. பூட்ஸின் அடியில் மூவார், பத்து பாகாட் என்று வேலை பார்த்த ஊர்களின் தாரெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, ஆள் அரை அங்குலம் வளர்ந்திருப்பார். ஆலையில் உருகிய தாரும் சூடேற்றிய கல்லும் கலந்து லாரியில் வரும். மூடியிருக்கும் பாயை விலக்கியதும் மண்வெட்டியால் கிளறுவார். நீலப்புகை கிளம்பினால் சூடு மிஞ்சிவிட்டது. கட்டி கட்டியாகக் கிடந்தால் ஆறிவிட்டது. வெப்பமானியை அதற்குப் பிறகுதான் கேட்பார், அதுவும் தான் சொன்னது சரி என்று காட்டுவதற்கு. "கலந்தாலும் கல்லு கல்லுதான், தாரு தாருதான். சூடு இருக்கற வரைக்குந்தான் நம்ம பேச்ச கேக்கும்."

காளியம்மா வீட்டுச் சந்துக்கு மூன்று வருடம் காத்திருந்த பிறகு தார் வந்தது. அவர் கணவர் ஐயாசாமி சக்கர நாற்காலியில் இருக்கிறார். டயாலிசிஸுக்கு அழைத்துப் போகும் வேன், குழிகளுக்குப் பயந்து பெரிய சாலையிலேயே நின்றுவிடும். அன்று வாசலுக்கு எட்டு மீட்டர் முன்னால்வரை வேலை வந்துவிட்டது. கடைசி லாரி மழையிலும் நெரிசலிலும் மாட்டி, ஆறிப்போய் வந்து சேர்ந்தது.

சாலை வேலையைக் குத்தகைக்கு எடுத்த மதிவாணன் போனில் கத்தினார்: "போட்டு உருட்டிருங்கலா! மேல பாத்தா கறுப்பாதானே தெரியும்?"

காளியம்மாவும் கெஞ்சினார். "இருக்கறத போட்டுட்டுப் போங்க தம்பி. நாளைக்கு நீங்க பத்து பாகாட் போயிருவீங்க, அப்புறம் யாரு வருவா?"

"கெட்டுப் போகலக்கா, இறுகிருச்சு. ஆலைக்குப் போனா திரும்ப இளகிரும். இங்க போட்டா ரெண்டு மழைக்குப் பேந்துரும். அந்த எட்டு மீட்டர் என் கடன்." கமலநாதன் லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

மூன்று மாதமாகிறது. அந்தச் சந்துக்கு மறுபடி லாரி வரவில்லை. "ரோடு வரல, மண்டோருதான் வர்றாரு" என்கிறார் காளியம்மா. சனிக்கிழமை காலைகளில் வேன், தார் முடியும் இடத்தில் வந்து நிற்கிறது. காளியம்மா பின்னாலிருந்து தள்ள, கமலநாதன் நாற்காலியின் முன்சக்கரங்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஐயாசாமியின் முகத்தைப் பார்த்தபடி, சரளைக்கல்லில் பின்னோக்கி நடக்கிறார்.