மார்கழிப் பனியும் பீடத்துச் சாமந்தியும்

பட்டாபிராமில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், காலி பெயிண்ட் வாளிகளில் சாமந்தி வளர்க்கிறேன். மஞ்சளும் உண்டு, வெள்ளையும் உண்டு. என் கை செடிக்கு ராசியான கை. இதை நானே சொல்லக் கூடாதுதான். வேறு யாரும் சொல்லக் காணோம், அதனால் சொல்கிறேன்.

எங்கள் மாதா கோயிலில் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்களில் பீடத்தில் பூ வைப்பதில்லை. பிறப்பு விழாவுக்குத்தான் மொத்தமாக வைப்போம். அதனால் அன்றைக்குப் பீடம் நிறைந்திருக்க வேண்டும். வழக்கமாகக் கோயம்பேடு பூ மார்க்கெட்டுக்குப் போய் வாங்கி வருவார்கள். போன வருஷம் கோயில் பெண்கள் சங்கக் கூட்டத்தில், யார் போவது என்று தலைவி கேட்டபோது நான் எழுந்து நின்றேன்.

"யாரும் போவேணாம். இந்த வாட்டி என் ஊட்டுப் பூவே போதும்."

"யோசிச்சுகினு சொல்லுக்கா. அன்னிக்கு வந்து கைய விரிச்சா நான் இன்னா பண்ணுவேன்?"

"கைய விரிக்கிற ஆளா நானு?"

நாலு பேர் முன்னால் சொன்ன சொல். அதற்குப் பிறகு சாமந்தியைப் பார்ப்பதே வேறு மாதிரி ஆகிவிட்டது.

மார்கழி பிறந்தது. நம் பக்கத்துப் பனி என்றால் காலையில் தலைக்கு ஒரு துண்டு கட்டிக்கொள்கிற அளவுதான். அந்த வருஷம் அப்படி இல்லை. எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே கண்ணுக்குத் தெரியவில்லை. ரயில் ஹாரன் அடித்துக்கொண்டே ஊர்ந்து போனது. மாடியில் மலர்ந்திருந்த பூவெல்லாம் பனித் தண்ணீரைக் குடித்துத் தலை தொங்கியது. வெயில் ஏறியதும் இதழ் ஓரமெல்லாம் டீத்தூள் நிறத்துக்கு வந்துவிட்டது.

மகன் எங்கிருந்தோ ஒரு பழைய கல்யாண பேனரைக் கொண்டுவந்தான்.

"இத்த மேல போட்டு மூடும்மா. ஒரு சொட்டு உள்ள போவாது."

யாரோ ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் சிரித்துக்கொண்டிருந்த அந்த பேனரைச் சாயங்காலம் செடிகளின் மேல் விரித்து, ஓரத்தில் செங்கல் வைத்து அழுத்தினேன். விடிந்து எடுத்துப் பார்த்தால், அதன் அடிப்பக்கம் முழுக்கத் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. வெளியே விழுந்த பனி எதுவும் உள்ளே வரவில்லை, வாஸ்தவம். ஆனால் மண்ணின் ஈரம் வெளியே போக வழியில்லாமல் பூ மேலேயே சொட்டியிருந்தது. பேனரில் பட்டிருந்த பூக்களைத் தொட்டால் கொழகொழவென்று கையோடு வந்தன.

கீழ்ப் போர்ஷனில் குடியிருக்கும் பெண் வாசலில் கோலம் போட்டு முடித்துவிட்டுக் கொடியில் கிடந்த துணியை எடுக்க மேலே வந்தாள்.

"இன்னாக்கா, பூவ இட்லி மாதிரி வேக வெச்சுகீறே?"

"போடி, உன் வேலையப் பாரு."

"சட்னி அரைக்கட்டா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் இறங்கிப் போன பிறகும் அந்த இட்லிப் பேச்சு மண்டையை விட்டுப் போகவில்லை. இட்லிப் பானையின் மூடியிலிருந்து தண்ணீர் சொட்டி இட்லி நசநசத்துப் போகும் என்று, நான் மூடிக்குக் கீழே ஒரு துணியைக் கட்டுவது வழக்கம். சொட்டுவதை அது குடித்துக்கொள்ளும். அப்படியானால் பூவுக்கும் மூடி வேண்டாம், துணி போதும்.

அன்றைக்கே பழைய நூல் புடவைகளை எடுத்து, துணி காயப்போடும் கயிறுகளின் மேல் பந்தல் மாதிரி விரித்தேன். பூவைத் தொடாத உயரம். பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விட்டேன். சாயங்காலம் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தி, வெயில் வந்த பிறகு ஊற்றினேன். விடியற்காலையில் போய்ப் புடவைகளை எடுத்துப் பிழிவேன். பூவில் எங்காவது துளி நின்றால் காம்பை விரலால் சுண்டி உதிர்ப்பேன். விரல் மரத்துப் போகும். கோலம் போட எழுந்த கீழ் வீட்டுப் பெண், பிழிவதற்கு ஒரு முனையைப் பிடித்துக்கொள்வாள்.

"எனக்கு இன்னா குடுப்பே?"

"கோலத்துல வெக்க ஒரு பூவு எடுத்துக்க. ஒண்ணுதான்."

"கஞ்சம்!"

பூ கருகுவது நின்றது. ஆனால் குளிருக்கு மொட்டுகள் இறுக மூடிக்கொண்டு, திறப்பேனா என்றன.

விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் தலைவி பூ வெட்ட வந்தாள். நன்றாக மலர்ந்ததை எல்லாம் வெட்டினாலும் ஒரு ஜாடிக்குத்தான் தேறும். அவள் செடிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு தன் பையைத் திறந்து காட்டினாள்.

"கோவிச்சுக்காதேக்கா. எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டு கட்டு வாங்கி வெச்சேன்."

எனக்கு முகம் எரிந்தது. அவள் செய்தது தப்பில்லை, பீடம் வெறுமையாக இருக்க முடியாது. ஆனாலும் கத்தரியை அவளிடம் கொடுக்க மனம் வரவில்லை. செடியைப் பார்த்தபடியே நின்றேன். இலை பச்சையாக இருந்தது. கிளைக்குக் கிளை மொட்டு. வெட்டினால்தானே ஒரு ஜாடி?

மகனைக் கூப்பிட்டு, "லோடு ஆட்டோவுக்குச் சொல்லு" என்றேன்.

"செடியோடயா? பெயிண்ட் வாளிய பீடத்துல வெப்பியாக்கா?" என்றாள் தலைவி.

"வெள்ளப் பேப்பரச் சுத்திட்டா வாளி எங்க தெரியப் போவுது?"

"அப்ப இந்தக் கட்டு?"

"பாலன் பொறந்த குடிலாண்ட வெய்யி. பொம்ம மாடுங்க பாக்கட்டும்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் ஒரு வாளியை அவள்தான் தூக்கி வந்தாள்.

பீடத்துப் படிகளில் வாளிகள் வரிசையாக நின்றன. பச்சை அதிகம், பூ குறைச்சல். யாரும் குறை சொல்லவில்லை. விழா முடிந்த பிறகும் செடிகள் அங்கேயே இருக்கட்டும் என்றார் ஃபாதர். தினமும் காலையில் போய்த் தண்ணீர் ஊற்றி, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்துவிட்டு வருவேன். கோயிலுக்குள் பனி ஏது? மொட்டுகள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன. புது வருஷப் பூசைக்குள் படி முழுக்க மஞ்சளும் வெள்ளையும்தான்.

பூசையில் என் பக்கத்தில் முட்டி போட்டிருந்த தலைவி காதோரம் சாய்ந்தாள்.

"நீ சொன்ன பூவு வந்துடுச்சுக்கா. ஒரு வாரம் லேட்டு."

"பூச நேரத்துல பேசாதே" என்றேன்.