வாத்துக்காரர் கலியனின் செல்போன்

கலியனும் அவர் மனைவி சந்திரகலாவும் வாத்து மேய்க்கிறவர்கள். அறுப்பு முடிந்த வயலாகத் தேடித் தேடி, கவரப்பேட்டையிலிருந்து சூலூர்ப்பேட்டை வரைக்கும் எண்ணூறு வாத்துகளோடு நடப்பார்கள். எந்த ஊரிலும் பத்து நாளுக்கு மேல் தங்கமாட்டார்கள். சோறு, தூக்கம் எல்லாம் தார்ப்பாய்க்கு அடியில்தான்.

அவர்களுடைய ஒரே மகன் அன்புசெல்வன் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில் காண்டிராக்ட் கூலி. 2007 பொங்கலுக்கு வந்தவன் அப்பன் கையில் ஒரு செல்போனைக் கொடுத்தான்.

"நைனா, இத்த அணையவே விடாத. நீ எந்த வயல்ல கீறன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? இதுலதான் கூப்பிடணும்."

ஆடியில் கூப்பிட்டான். "கம்பெனில ஆள் கொறச்சிட்டாங்க நைனா. ஒருத்தர் வெளியூருக்கு வேலைக்கு இட்டுனு போறாரு. போய் வேற நம்பர்ல பேசறேன்."

"எந்த ஊருடா?" என்று கலியன் கேட்கும்போதே போன் அணைந்துவிட்டது. மூன்று நாளாகச் சார்ஜ் போட இடம் கிடைக்கவில்லை. மறுநாள் உயிர் வந்ததும் கூப்பிட்டுப் பார்த்தார். மகனுடைய பழைய நம்பர் வேலை செய்யவில்லை.

அன்றிலிருந்து கலியனுக்கு ஒரே வெறி. போன் அணையக் கூடாது. போகிற ஊரிலெல்லாம் சார்ஜ் போட மோட்டார் கொட்டகைக்காரர்களிடம் போய் நின்றார். பூவராகவன் என்கிற விவசாயி மட்டும் சலிக்காமல் கதவைத் திறந்துவிடுவார். அடுத்த வருஷம் மின்வெட்டு ஆரம்பித்ததும் அதுவும் பேஜாராகிப் போனது. கரெண்டு வருமா என்று கலியன் கொட்டகை வாசலில் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பார். சந்திரகலா ஒருத்தியாக எண்ணூறு வாத்துகளையும் ஓட்டிக்கொண்டிருப்பாள். ரேடியோ ரிப்பேர் செய்யும் குப்புராஜ், சார்ஜர் ஒயரை வெட்டி டார்ச் லைட் பேட்டரிக் கட்டைகளோடு சேர்த்துக் கட்டிச் சார்ஜ் ஏற்றக் கற்றுக்கொடுத்தான். அப்படிக் கட்டிக் கட்டியே பேட்டரி உப்பிப்போய், போனின் மூடி மூடவில்லை.

2009 பங்குனியில், புது பேட்டரி வாங்கப் புதுவாயல் ஜங்ஷனுக்குப் போனார். செல்போன் கடை ஷாகிர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பெரியவரே, ரீசார்ஜ் எப்ப பண்ணீங்க?"

"தெனமும் பண்றனே பாய்."

"கரெண்டு இல்ல, கார்டு. கார்டு போடாததால இந்த நம்பரை கட் பண்ணி ரொம்ப நாளாவுது. வேற யாருக்காச்சும் குடுத்திருப்பாங்க."

கலியனுக்குப் புரியவில்லை. ஷாகிர் தன் போனிலிருந்து அதே நம்பரை அடித்துக் காட்டினான். மணி போயிற்று. மேசைமேல் வைத்த கலியனின் போன் அசையவில்லை. எங்கேயோ ஒரு பெண் எடுத்தாள். கலியன் ஷாகிரிடமிருந்து போனைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

"எம்மா, இது எங்க நம்பரும்மா. எங்க புள்ள கூப்பிட்டானா?"

அவள் ஞாபகப்படுத்திச் சொன்னாள்.

"தீபாவளி சமயத்துல ஒருத்தர் கூப்பிட்டாருங்க. 'நைனா, நைனா'ன்னாரு. ராங் நம்பருன்னு வச்சிட்டேன். மறுநாளும் பண்ணாரு. எங்க ஊட்டுக்காரரு எடுத்துத் திட்டிட்டாரு. அப்புறம் வரலைங்க."

"எந்த நம்பர்லேந்துமா?"

"இப்ப அது எங்கங்க இருக்கப் போவுது? அழிஞ்சிருக்கும்."

மகன் திரும்பக் கூப்பிட்டால் சொல்லச் சொல்லி ஷாகிர் தன் கடை நம்பரைக் கொடுத்தான். அவளும் எழுதிக்கொண்டாள். பாவம், நல்ல பெண்தான். ஆடி வரைக்கும் மாதம் ஒருமுறை ஷாகிர் கேட்டுப் பார்த்தான். எந்தத் தகவலும் இல்லை. அதன்பின் அந்த நம்பரை யாரும் எடுக்கவில்லை.

பேட்டரி வாங்கப் போன அன்று, வயலுக்குத் திரும்பியதும் சந்திரகலா கேட்டாள்: "இன்னா சொன்னான் கடைக்காரன்?"

"புது பேட்டரி போட்டுக்குடுத்தான்" என்றார் கலியன். நம்பர் கைமாறிப் போனதை எத்தனையோ நாள் சொல்ல நினைத்தும் சொல்லவில்லை.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. வெளிச்சம் வந்தால் போன் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அவர் மோட்டார் கொட்டகைப் பக்கம் போவதை நிறுத்தியதும், ஆம்பளைக்குச் சலிப்பு வந்துவிட்டது என்று நினைத்து அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். தூரத்தில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டால் போனை முந்தானையில் முடிந்துகொண்டு வரப்பில் விறுவிறுவென நடப்பாள். கலியன் கோலை ஊன்றிக்கொண்டு வாத்துகளைப் பார்த்தபடி நிற்பார்.