பட்டாளத்தில் ஒரு பொடிசு

வேர்க்கடலையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் 'பொட்' என்று ஒரு சின்னச் சத்தம் வருமே, அபிராமபுரத்துக் கம்ப்யூட்டர் சென்டரின் குளிர்ந்த அறையில் ஒரு சிப்பாய் செத்தால் அதே சத்தம்தான் வரும். டாங்கி வெடித்தால் நீளமாக உறுமும், பீரங்கி உடைந்தால் திரையே ஒருமுறை அதிரும். சிப்பாய்க்கு மட்டும் அந்த ஒரு 'பொட்', அவ்வளவுதான். அவன் நின்ற கட்டம் அடுத்த நொடி வெறும் பச்சையாகிவிடும்.

கார்கிலில் சண்டை நடந்த கோடை அது. எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளியில் முதலாவதாக வருகிற பிள்ளைக்குக் கோடை வகுப்பு இலவசம் என்று சென்டர்காரர்கள் சொல்லியிருந்தார்கள், முதலாவதாக வந்தேன், போனேன். பட்டினப்பாக்கத்தில் ரோட்டோரம் மீன் விற்ற என் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, அண்ணன் சேவியர் பத்தாவதை முடித்ததோடு படிப்பை விட்டுவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான், எங்கள் வீட்டில் கல்லூரிவரை போன முதல் ஆள் நான் என்பதை இன்றைக்கும் கேட்காதவர்களிடம்கூடச் சொல்லிவிடுகிற பழக்கம் எனக்கு உண்டு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் பாதத்தில் ஏசிக் குளிர் ஏற நடந்துபோய் உட்காருகிற அந்த நாற்காலி, யாருடைய சிபாரிசிலும் வந்ததல்ல.

வகுப்பின் கடைசி அரைமணி நேரம் விளையாட்டு. கட்டம் கட்டமாகப் பிரித்த ஒரு நிலம், இந்தப் பக்கம் நம் நீலப் படை, அந்தப் பக்கம் கம்ப்யூட்டரின் சிவப்புப் படை. நம் முறை வந்தால் நம் ஆட்களை நகர்த்தலாம், சுடலாம். பிறகு கையைக் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் நம்மைச் சுடுவதைப் பார்க்க வேண்டும். அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் இருந்தது. நாங்கள் 'பட்டாளம்' என்றோம். அதில் இருந்த எறும்பளவு சிப்பாய்களைப் 'பொடிசு' என்போம்.

சனிக்கிழமைகளில் வசந்தா மிஸ் ஒரு வழக்கம் வைத்திருந்தார். அந்த வாரம் ஆடிய விளையாட்டைப் பற்றி ஒவ்வொருவரும் எழுந்து நின்று, இங்கிலீஷில், தன் அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டும். திக்கினால் தமிழில் முடித்துக்கொள்ளலாம். மயிலாப்பூரிலிருந்து வந்த அரவிந்துக்கு வீட்டிலேயே கம்ப்யூட்டர் இருந்தது. அவன் அபிப்பிராயம்தான் எல்லோருக்கும் வேதம்.

"பொடிசெல்லாம் வேஸ்ட் மிஸ். அதுகளை முதல்ல முன்னாடி அனுப்பிடணும். எதிரி அதைச் சுட்டா, அவன் பீரங்கி எங்க ஒளிஞ்சிருக்குன்னு தெரிஞ்சுடும். அப்புறம் நம்ம டாங்கியால ஒரே அடி. எங்காத்துல நான் அப்படித்தான் ஆடுவேன், தோத்ததே இல்ல."

"செம ஐடியா மிஸ்" என்றது வகுப்பு. மிஸ்கூடத் தலையாட்டினார். நான் மட்டும் தலையாட்டவில்லை.

ஏனென்றால் அண்ணன் ஒரு பொடிசு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் தெருமுனை டெலிபோன் பூத்துக்குப் போன் செய்வான், பூத்துக்காரர் ஆளனுப்புவார், அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே ஓடுவாள். மே மாதத்தில் அந்தப் போன் நின்றுபோயிற்று. பக்கத்து வீட்டு டீவியில் மலையையும் புகையையும் காட்டினார்கள்.  அம்மா மீனை வழக்கத்தைவிட வேகமாக வெட்டினாள், அவ்வளவுதான்.

அந்த நாட்களில் நான் மனதுக்குள் ஒரு வேண்டுதல் வைத்துக்கொண்டேன். மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுவதுபோல வெளியே சொல்லக்கூடியதல்ல அது. அண்ணன் போன் வருகிறவரை என் ஆட்டத்தில் ஒரு பொடிசுகூடச் சாகக்கூடாது. செத்தால் அண்ணனுக்கு ஆகாது. இடது ஓரத்தில் நிற்கிறவனுக்கு அண்ணன் என்று பெயர் வைத்தேன். ஆனால் கடவுள் எந்தப் பொடிசைக் கணக்கில் எடுப்பார் என்று யாருக்குத் தெரியும், அதனால் எல்லோரையும் காப்பாற்றியாக வேண்டியிருந்தது.

ஒரு மெஷினுக்கு இரண்டு பேர். என் கூட்டாளி சதீஷ், தேனாம்பேட்டையில் மெக்கானிக் ஒருவரின் மகன். ஒரு நாள் அவன் ஆட்டம், மறுநாள் என் ஆட்டம். அவன் ஆட்டத்தில் சாகிறவர்கள் என் கணக்கில் வரமாட்டார்கள் என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, அந்த நாட்களில் திரையைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பேன். என் நாளில் பொடிசுகளை எல்லாம் டாங்கிகளுக்குப் பின்னால் அடுக்கிவிட்டு அசையமாட்டேன்.

"இன்னா ஸ்டெல்லா, இது பட்டாளமா, பால்வாடியா?" என்பான் சதீஷ். "டாங்கி காலியாகுது, பொடிசுங்கள பொத்திப் பொத்தி வெச்சிக்கினு கீற. இப்டி ஆடுனா எப்ப ஜெயிக்கிறது?"

"ஜெயிக்கத் தேவையில்லை."

"அப்ப எதுக்கு ஆடுற?"

நான் என் முறையை முடித்தேன். ஆனால் இடது ஓரத்துப் பொடிசின்மேல் நான் அடிக்கடி விரலை வைத்து மறைப்பதை அவன் கவனித்திருக்க வேண்டும். ஒருநாள் மெதுவாக, "உங்கண்ணன் மிலிட்டரில கீறாருன்னு சொன்னல்ல, அவரா இது?" என்றான். தலையாட்டினேன். அதற்குப் பிறகு அவன் கிண்டல் செய்யவில்லை.

வகுப்பு முடிய ஒரு வாரம் இருந்தபோது, என் ஆட்டத்தில் அதிசயமாக ஜெயிக்கிற நிலை வந்தது. எதிரிக்கு ஒரே ஒரு பீரங்கிதான் மிச்சம், அதுவும் காட்டுக்குள் எங்கோ ஒளிந்திருந்தது. அப்போது வாசலில் அம்மாவின் குரல் கேட்டது. மீன் கூடையை அப்படியே போட்டுவிட்டு, தலை கலைந்து, செருப்புகூட இல்லாமல் பட்டினப்பாக்கத்திலிருந்து நடந்தே வந்திருந்தாள். நான் ஓடினேன்.

"போன் வந்துச்சாம் பாப்பா. இந்தியில யாரோ ரெண்டு வார்த்த பேசறதுக்குள்ள கட்டாயிடுச்சாம். யாருன்னு தெரியலன்றான் பூத்துக்காரன். வடக்க இருந்து வந்த போனுன்னு மட்டும் சொல்றான். சாயங்காலம் திரும்பப் போட்டாலும் போடுவாங்களாம். நீ வா. இந்தியிலயோ இங்கிலீசுலயோ எதனா சொல்லிட்டா எனக்கு இன்னா தெரியும்?"

பையை எடுக்க உள்ளே போனேன். அறைக்குள் கால் வைக்கும்போதே கேட்டது: 'பொட்'. தொடர்ந்து நம் டாங்கி சுடும் சத்தம், ஜெயித்ததற்கான இசை. சதீஷ் எழுந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"ஐயோ, அழுவாத. உங்கண்ணன் அங்கயே கீறார், பாரு. அவரத் தொடவே இல்ல. பக்கத்துல இருந்தவனத்தான் முன்னால அனுப்பிச்சேன். சத்தியமா."

பார்த்தேன். இடது ஓரத்தில் அண்ணன் நின்றான். பக்கத்துக் கட்டம் பச்சையாக இருந்தது. அப்பாடா என்று ஒரு மூச்சு என்னிடமிருந்து வெளியேறியது. அந்த மூச்சின் நிம்மதி இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போன் வந்தது. அண்ணன்தான். "நல்லா கீறேம்மா, நல்லாத்தான் கீறேன்" என்று அவன் சொல்லச் சொல்ல அம்மா ரிசீவரை முத்தமிட்டாள், பூத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். ரிசீவரை நான் வாங்கிக் காதில் வைத்தபோது மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

"கூட இருந்தவன் போய்ட்டான் பாப்பா" என்றான். "எம் பக்கத்துலயேதான் இருந்தான். அவன முன்ன போகச் சொன்னாங்க." பிறகு, "அம்மாகிட்ட சொல்லாத" என்றான். அவ்வளவுதான் பேச்சு.

அம்மா அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். நான் அந்த டீயைக் குடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஏதோ ஓர் ஊரில் இன்னொரு தெருமுனை பூத், அங்கே ஈரக் கையோடு ஓடிவருகிற இன்னொரு அம்மா என்று மனம் போய்க்கொண்டே இருந்தது.

கடைசிச் சனிக்கிழமை என் முறை வந்தபோது எழுந்து நின்றேன். சேர்த்துவைத்திருந்த இங்கிலீஷ் எல்லாம் காணாமல் போயிருந்ததால் தமிழில் சொன்னேன். "இந்த கேம்ல பொடிசு செத்தா யார் வீட்டுக்கும் தெரியறதில்ல மிஸ். வீடே வைக்கல. அது சரியில்ல."

"இது கேம் பத்தின ஒபினியனே இல்லையே மிஸ்" என்றான் அரவிந்த். யாரோ சிரித்தார்கள். சதீஷ் சிரிக்கவில்லை. மிஸ் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதையே இங்கிலீஷில் எப்படிச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து என்னை உட்காரச் சொன்னார். அந்த வாக்கியத்தைப் பிழையில்லாமல் இன்றும் என்னால் சொல்ல முடியும்.

சென்டர் இருந்த இடத்தில் இப்போது நான்கு மாடிக் குடியிருப்பு நிற்கிறது. தெருமுனை பூத்தும் போயிற்று. அண்ணன் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று, தேனாம்பேட்டையில் ஓர் அலுவலக வாசலில் காவலுக்கு நிற்கிறான். சண்டையைப் பற்றி அவனிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டால், "குளிரு ஜாஸ்தி" என்பான்.

போன வாரம் அவன் மகள் நிலா என் செல்போனில் இதே மாதிரி ஓர் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தாள். கட்டங்கள், நீலப் படை, சிவப்புப் படை எல்லாம் உண்டு. சிப்பாய் விழும்போது சத்தமே வரவில்லை. "அத்தை, எத்தினி ஸ்டார் குடுக்கலாம்? ஒபினியன் கேக்குது" என்றாள்.  டியூட்டிக்குக் கிளம்பி, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த அண்ணன் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"இவன் செத்துட்டானா?"

"ஆமாப்பா. ஆனா பரவால்ல, ஒரு விளம்பரம் முழுசா பார்த்தா எழுந்து வந்துருவான்."

"பார்த்தா வந்துருவானா?"

"வருவான்பா. ஆனா போரடிக்கும். நான் எப்பவும் பாக்கமாட்டேன்."

அண்ணன் அவள் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். ஏதோ ஒரு சோப்பு விளம்பரம். டியூட்டிக்கு நேரமாகிறது என்று அண்ணி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். அவன் திரும்பவில்லை. கண்ணை எடுக்காமல், அந்த விளம்பரத்தைக் கடைசிவரை பார்த்தான்.